லீவே எடுக்காத வல்லூறு

கழுத்துக்குக் கீழே வாட்டசாட்டமான ஆண். கழுத்துக்கு மேலே வல்லூறு. அதன் உச்சியில் சூரியத் தட்டு, தட்டைச் சுற்றிப் படமெடுத்த நாகம். எகிப்தியக் கோயில் சுவர்களில் சூரியக் கடவுள் ரா, ரா-ஹொராக்தி என்ற பெயரில் இந்தக் கோலத்தில்தான் நிற்கிறார். பார்த்தாலே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பத்தடி தள்ளி நிற்கத் தோன்றும்.

சுவரை விட்டு பாப்பிரஸ் சுருளுக்கு வந்தால் கதை வேறு. அங்கே அவர் வாயோரம் எச்சில் ஒழுகும் கிழவர். கொள்ளுப்பேத்தியிடம் ஏமாறுகிறார். மகளை ஏவிவிட்டு, பிறகு அவளை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் முழிக்கிறார். நீதிபதியாக உட்கார்ந்த இடத்தில் கோபித்துக்கொண்டு மல்லாந்து படுக்கிறார். இதையெல்லாம் எழுதி வைத்தவர்கள் எதிரிகள் என்று நினைத்துவிட வேண்டாம், சாட்சாத் பக்தர்கள்தான். நாமும் கொஞ்சம் கிண்டலடிக்கலாமே என்று பேனாவைத் திறந்தால், மூவாயிரம் வருஷத்துக்கு முன்பே வேலையைக் கச்சிதமாக முடித்திருக்கிறார்கள்.

முதலில் ஐயாவின் டியூட்டி விவரம். தலைமையகம் ஹெலியோபோலிஸ், இன்றைய கெய்ரோவின் மத்தாரியா பகுதி. காலையில் அவர் பெயர் கெப்ரி, உருவம் சாணி உருட்டும் வண்டு. வண்டு உருண்டையைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்த கண்ணோடு எவனோ ஒருவன் அண்ணாந்து வானத்தையும் பார்த்துத் தொலைத்திருக்கிறான். உச்சிவேளையில் ரா. அந்தி சாய்ந்தால் ஆத்தும் என்கிற தள்ளாத கிழவர். ராத்திரிக்கென்று தனியாக ஒரு செம்மறிக்கடாத் தலை. அரச சமாதிகளில் எழுதப்பட்ட ‘ராவின் துதி’ அவருடைய 75 வடிவங்களைப் பட்டியல் போடுகிறது. நல்லவேளை, தினமும் அத்தனையும் மாற்றச் சொல்லவில்லை.

பகலுக்கு ஒரு படகு, இரவுக்கு இன்னொன்று. பகல் சவாரியில் பெரிய சிக்கல் இல்லை. சூரியன் மேற்கே இறங்கியதும்தான் நிஜமான வேலை ஆரம்பம். பாதாளத்தின் பன்னிரண்டு மணி நேரத்தையும் விடிவதற்குள் கடந்தாக வேண்டும். இந்தப் பயணத்தின் வழிகாட்டிப் புத்தகமான ‘அம்துவாத்’ மூன்றாம் துத்மோஸின் சமாதிச் சுவர்களில் முழுசாக இருக்கிறது. எழுதியவர்கள் தூரக் கணக்கு உட்படக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் மணியில் வரும் நீர்ப்பரப்பின் நீளம் 309 இதெரு. ஒரு இதெரு சுமார் பத்தரை கிலோமீட்டர். ஆக, துடுப்புப் படகில் ஒரு மணி நேரத்துக்குள் மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அதை முடித்து மூச்சு வாங்குவதற்குள் நாலாம் மணி வந்துவிடும். அங்கே தண்ணீரே கிடையாது, வெறும் மணல். படகு தானே பாம்பாக மாறி மணலில் ஊர, மற்ற தெய்வங்கள் கயிறு கட்டி இழுக்கிறார்கள்.

ஏழாம் மணியில் அபெப். உலகத்தையே ஒழித்துக்கட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறு கொள்கை இல்லாத ராட்சதப் பாம்பு. படகு ஓடுகிற தண்ணீரையே உறிஞ்சிக் குடித்துவிடும். மறித்து நிறுத்தியதும் படகின் முகப்பில் ஈட்டியோடு ஒருவர் எழுந்து நிற்கிறார். அவர் சேத். சொந்த அண்ணன் ஒசிரிஸைக் கொன்றவர். கொலைக்கேஸ் உள்ள ஆளையா பாதுகாப்புக்கு வைப்பது என்று கேட்டால், பாம்பைக் குத்துகிற தைரியம் மற்ற எவருக்கும் இல்லை என்பதுதான் பதில். இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கோர்ட்டில் வரும்.

கீழே பூமியில் பூசாரிகளும் சும்மா இருக்கவில்லை. மெழுகில் அபெப் பாம்பைச் செய்து, அதன்மேல் எச்சில் துப்பி, இடது காலால் மிதித்து, கத்தியால் குத்தி, நெருப்பில் போட்டார்கள். செய்முறையெல்லாம் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு பாப்பிரஸில் படிப்படியாக இருக்கிறது. இதைக் கோயிலில் விடாமல் செய்துவந்தார்கள். செய்யாமல் விட்டால் விடியுமா என்று சோதித்துப் பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

கடைசியாகப் பன்னிரண்டாம் மணி. இங்கே எல்லோரும் ஒரு நீண்ட பாம்பின் வால் வழியாக உள்ளே புகுந்து, வாய் வழியாக வெளியே வருகிறார்கள். புகும்போது கிழவர், வெளியே வரும்போது பால்மணம் மாறாத குழந்தை. உடனே வண்டு வேஷம் போட்டுக்கொண்டு கிழக்கே ஆஜர். ஒரு நாள் லீவு இல்லை, அரை நாள் பர்மிஷன் இல்லை.

இப்படி உழைத்த மனுஷருக்கு, மன்னிக்கவும், தெய்வத்துக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று பார்த்தால், ஆளாளுக்கு அவரிடமிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

போணி செய்தது ஐசிஸ். அவருடைய சொந்தக் கொள்ளுப்பேத்தி. விண்ணிலும் மண்ணிலும் அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான், ராவின் ரகசியப் பெயர். அது தெரிந்தால் அவருடைய சக்தி கைக்கு வந்துவிடும். இத்தாலியின் டூரின் நகரில் இருக்கும் பாப்பிரஸ் இந்தக் கதையை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. ராவுக்கு வயசாகிவிட்டது, வாய் கோணி எச்சில் தரையில் ஒழுகுகிறது. ஐசிஸ் அந்த எச்சிலை மண்ணோடு சேர்த்துப் பிசைந்து பாம்பு ஒன்று செய்து, அவர் தினமும் நடக்கிற பாதையில் போட்டுவிட்டுப் போகிறாள். தாத்தா வந்தார், பாம்பு போட்டது. தாடை கிடுகிடுக்க, கைகால் உதற, அவர் போட்ட கூச்சல் வானம் வரை கேட்டது. தெய்வங்கள் எல்லாம் ஓடி வந்தன. ஐசிஸும் ஒன்றும் தெரியாதவளாக வந்தாள்.

“என்னாச்சு தாத்தா? நீங்க படைச்சதுல ஏதாவது ஒண்ணு உங்களையே கடிச்சிடுச்சா?”

“நான் படைச்சதே இல்லம்மா. அதான் புரியல. தண்ணியவிடக் குளிருது, நெருப்பவிடச் சுடுது.”

“பேரைச் சொல்லுங்க. சொன்னாத்தான் மந்திரம் போட முடியும்.”

கிழவர் கெட்டிக்காரர். வானத்தையும் பூமியையும் படைத்தவன் நான், மலைகளைக் கட்டியவன் நான், நைலைப் பாய வைத்தவன் நான், காலையில் கெப்ரி, மதியம் ரா, மாலையில் ஆத்தும் என்று ஊருக்கெல்லாம் தெரிந்த பட்டங்களாக அடுக்கினார். பேத்தி அதைவிடக் கெட்டிக்காரி.

“இதுல உங்க நிஜப் பேர் இல்லையே தாத்தா?”

விஷம் ஏறியது. வேறு வழியில்லாமல் பெயரைத் தன் வயிற்றிலிருந்து அவள் வயிற்றுக்கு மாற்றிக் கொடுத்தார், அவள் மகன் ஹோரஸுக்கு மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு. என்ன பெயர் என்று பாப்பிரஸ் நமக்குச் சொல்லாது. உண்மையில் அது தேள்கடி வைத்தியக் குறிப்பு. கதை முடிந்ததும் மருந்தை பீரிலோ ஒயினிலோ கலந்து கடிபட்டவனுக்குக் கொடுக்கச் சொல்லி, பத்து லட்சம் தடவை பலித்த மருந்து என்று சர்டிபிகேட்டும் கொடுத்திருக்கிறது. இத்தனை குடும்ப அரசியலும் ஒரு மருந்துச்சீட்டுக்கு முன்னுரை.

பெயர் போயிற்று, பதவியாவது மிஞ்சியதா? அந்தக் கதை தூத்தாங்காமுனின் சமாதியிலிருந்த தங்கப் பேழையிலும், முதலாம் சேத்தியின் சமாதியிலும் இருக்கிறது. அப்போது ரா பூமியிலேயே இருந்து ஆண்டுகொண்டிருந்தார். எலும்பு வெள்ளி, சதை தங்கம், முடி நீலக்கல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாம் முதுமையின் அடையாளம். இதைப் பார்த்த மனிதர்கள் ஆளை மாற்றிவிடலாம் என்று சதி பேச ஆரம்பித்தார்கள். மனிதர்களே அவர் கண்ணீரிலிருந்து பிறந்தவர்கள்தான், அழ வைப்பது பிறவிக் குணம்.

ரா மூத்த தெய்வங்களை ரகசியக் கூட்டத்துக்கு அழைத்தார். உன் கண்ணை அனுப்பு என்றார்கள். கண் என்றால் மகள் ஹாதோர். சாதாரண நாட்களில் இசை, காதல், அழகு இலாகாக்களைக் கவனிப்பவள். அப்பா சொன்னதும் பெண்சிங்கம் சேக்மெத்தாக மாறிப் பாலைவனத்துக்குத் தப்பி ஓடியவர்களை வேட்டையாடினாள். ராத்திரி திரும்பி வந்து, மனசுக்கு ரொம்ப இதமாக இருந்தது, நாளைக்கும் போகிறேன் என்றாள். ராவுக்கு வயிற்றைக் கலக்கியது. மிரட்டிவிட்டு வரச் சொன்னால் இனத்தையே துடைத்துவிடுவாள் போலிருக்கிறதே. மனிதர்கள் போய்விட்டால் படையல் யார் வைப்பது?

நேரடியாக ‘நிறுத்து’ என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. ஆகவே ஒரு அப்பா செய்யக்கூடாத காரியத்தைச் செய்தார். இன்றைய அஸ்வான் அருகே உள்ள எலிபன்டைன் தீவுக்கு ஆளனுப்பிச் சிவப்புக் காவிக்கல் கொண்டுவரச் சொன்னார். ஹெலியோபோலிஸிலிருந்து ஆற்று வழியே சுமார் 900 கிலோமீட்டர். தூதர்கள் காற்றாய்ப் பறந்தார்கள். பெரிய பூசாரி காவிக்கல்லை அரைக்க, பணிப்பெண்கள் பார்லியை இடித்தார்கள். விடிவதற்குள் 7000 ஜாடி சிவப்பு பீர் தயார். அதை வயல்களில் கொட்டி மூன்று உள்ளங்கை உயரத்துக்குத் தேக்கினார்கள். காலையில் சேக்மெத் வந்தாள். ரத்த வெள்ளம் என்று நினைத்துக் குனிந்தாள், தன் முகம் அதில் அழகாகத் தெரிவதைப் பார்த்துச் சொக்கினாள், குடித்தாள், குடித்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குத் தள்ளாடி வந்து சேர்ந்தபோது எதற்காகப் போனோம் என்பதே மறந்துபோயிருந்தது.

மனித குலம் பீரால் பிழைத்தது என்பதை எகிப்தியர்கள் நன்றியோடு நினைவில் வைத்திருந்தார்கள். கார்னாக்கில் மூத் தேவியின் கோயிலில் ஹாத்செப்சுத் ராணி போதை மண்டபம் ஒன்றைக் கட்டினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பெட்சி பிரையன் குழு அதன் தூண் துண்டுகளை மண்ணுக்குள்ளிருந்து எடுத்திருக்கிறது. திருவிழா இரவில் எல்லோரும் குடித்து மட்டையாகி, விடியற்காலை மேளச் சத்தத்தில் விழித்து அம்மனைத் தரிசிக்க வேண்டும். குடிக்காதவன்தான் அன்றைக்கு ஆசாரம் கெட்டவன்.

ரா மட்டும் சந்தோஷப்படவில்லை. இந்த ஜனங்களோடு இனி என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். பேத்தி நூத் பசுவாக மாற, அதன் முதுகில் ஏறி வானத்துக்குப் போய்விட்டார். பசுவுக்கு உயரம் கண்டு கால் வெடவெடத்ததால் மகன் ஷூவை அடியில் நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கும் முட்டுக்கொடுக்க ஆட்களையும் போட்டார்கள். ராத்திரிக்குப் பொறுப்பு அலுவலராக எழுத்தர் தெய்வம் தோத் நியமனம் ஆனார். நிலா அப்படி வந்ததுதான். பதவி விலகியும் டியூட்டி குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது கோர்ட் கேஸ். ஒசிரிஸின் சிம்மாசனம் மகன் ஹோரஸுக்கா, தம்பி சேத்துக்கா? ஒசிரிஸும் ஐசிஸும் கணவன் மனைவி மட்டுமல்ல, அண்ணன் தங்கையும்கூட. ஆகவே ஹோரஸுக்குச் சேத் சித்தப்பாவும் ஆகிறார், தாய்மாமனும் ஆகிறார். இப்படிப்பட்ட வீட்டில் சொத்துத் தகராறு வராமல் என்ன செய்யும்? ஐந்தாம் ராம்சேஸ் காலத்தில் எழுதப்பட்ட செஸ்டர் பீட்டி பாப்பிரஸ் இந்த வழக்கை விலாவாரியாகச் சொல்கிறது. தலைமை நீதிபதி ரா-ஹொராக்தி. வழக்கு நடந்த காலம் 80 வருஷம்.

ஏன் அத்தனை வருஷம்? தெய்வங்கள் எல்லோரும் ஹோரஸ் பக்கம், நீதிபதி மட்டும் சேத் பக்கம். சேத்தை விட்டுக்கொடுத்தால் ராத்திரி படகில் பாம்பை யார் குத்துவது? இதை அவர் கோர்ட்டில் சொல்ல முடியாது. அதனால் ஹோரஸ் சின்னப் பையன், வாய்நாற்றம் வேறு என்று ஏதேதோ காரணம் சொன்னார். பொறுமையிழந்த பாபா என்ற குட்டித் தெய்வம் எழுந்து, “உன் கோயில்ல ஈ ஓட்டுறியாம், இதுல நியாயம் வேற சொல்ல வந்துட்ட” என்கிற அர்த்தத்தில் ஒரு போடு போட்டது. பிரபஞ்சத்தின் அதிபதி அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார். கூட்டம் கலைந்தது. பகல் முழுக்க எழுந்திருக்கவில்லை. கடைசியில் மகள் ஹாதோர் வந்து ஒரு காரியம் செய்ய, குபீரென்று சிரித்து எழுந்து கோர்ட்டுக்குத் திரும்பினார். அவள் என்ன செய்தாள் என்பது பாப்பிரஸில் இருக்கிறது. நம் பத்திரிகையைக் குழந்தைகளும் படிப்பதால் இத்தோடு விடுகிறேன்.

முடிவில் பாதாளத்திலிருக்கும் ஒசிரிஸுக்கே கடிதம் எழுதிக் கேட்டார்கள். தெய்வங்கள் தின்கிற பார்லியும் கோதுமையும் நான் விளைவித்தது, என் மகனை ஏமாற்றலாமா என்று பதில் வந்தது. நீ பிறக்காவிட்டாலும் பார்லி விளையும் என்று ரா சூடாக எழுதினார். ஒசிரிஸின் அடுத்த கடிதம் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: என்னிடம் எந்தத் தெய்வத்துக்கும் அஞ்சாத கோரமுகத் தூதர்கள் இருக்கிறார்கள், அனுப்பட்டுமா? 80 வருஷம் கிடைக்காத தீர்ப்பு உடனே கிடைத்தது. ஹோரஸுக்குச் சிம்மாசனம். சேத்தை ரா தன்னோடு வைத்துக்கொண்டார், வானத்தில் இடி இடிக்கும் வேலையும் சேர்த்து.

தெய்வங்கள் போதாதென்று அரசர்களும் வந்தார்கள், ராவின் மகன் என்ற பட்டத்தோடு. ஐந்தாம் வம்சத்தின் முதல் மூன்று மன்னர்களான உசெர்காஃப், சாஹுரே, நெஃபெரிர்காரே மூவரும் ராவின் பூசாரி ஒருவருடைய மனைவி ரெத்ஜெதெத்துக்கு ராவால் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள் என்கிறது பெர்லினில் உள்ள வெஸ்ட்கார் பாப்பிரஸ். பிரசவம் பார்க்க ஐசிஸ் உட்பட நாலு தேவிகளை நாட்டியக்காரிகள் வேஷத்திலும், க்னூம் தெய்வத்தை மூட்டை தூக்கும் ஆளாகவும் ரா அனுப்பினாராம். வாசலில் பூசாரி இடுப்புத் துணியைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு நின்றார். பதற்றமாம். எனக்கு அவர்மேல் பரிதாபமாகத்தான் இருக்கிறது. பிறக்கப்போகும் மூன்றில் ஒன்றுகூடத் தன்னுடையதில்லை என்று அவரிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை, கூலியாக ஒரு மூட்டை பார்லி வேறு கொடுத்தனுப்பினார். இன்னொரு சங்கடம், சாஹுரே உசெர்காஃபின் மகன், நெஃபெரிர்காரே சாஹுரேயின் மகன் என்று கல்வெட்டும் சிற்பமும் காட்டுகின்றன. தாத்தா, அப்பா, பேரன் மூவரும் ஒரே நாளில் பிறந்தது ராவின் அற்புதங்களிலேயே பெரிய அற்புதம்.

தீப்ஸ் நகரத்து ஆமூன் இன்னும் சாமர்த்தியசாலி. எதையும் திருடவில்லை, கூட்டு சேர்ந்தார். கம்பெனி பெயர் ஆமூன்-ரா. லாபம் யாருக்கு என்பது மூன்றாம் ராம்சேஸின் கணக்கை எழுதிய ஹாரிஸ் பாப்பிரஸில் தெரிகிறது. தீப்ஸ் கோயில்களுக்கு 86 ஆயிரத்துக்கு மேல் ஆட்கள், ராவின் ஹெலியோபோலிஸுக்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.

நடுவில் மன்னர் அகெனாத்தன் வந்து ஆமூனை ஒழித்தபோது ராவுக்கு நல்ல காலம் என்று தோன்றியது. புதிய ஒரே கடவுளான ஆத்தன் ஆரம்பத்தில் வல்லூறுத் தலையோடுதான் இருந்தார், பெயரிலும் ரா-ஹொராக்தி இருந்தார். கொஞ்ச நாளில் தலை போயிற்று, உடம்பு போயிற்று, வெறும் தட்டும் அதிலிருந்து நீளும் கைகளும் மிஞ்சின. பின்னாளில் பெயரிலிருந்து ஹொராக்தியையும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் ராம்சேஸ் தலையைத் திருப்பிக் கொடுத்தார், அளவைக் குறைத்து. அபு சிம்பெல் கோயில் வாசலில் இருபது மீட்டர் உயரத்துக்கு நாலு பிரம்மாண்டச் சிலைகள், நாலும் ராம்சேஸ். நடுவில் கதவுக்கு மேலே ஒரு மாடத்தில் ரா-ஹொராக்தி நிற்கிறார். அவர் தலையிலும் கைகளிலும் உள்ள பொருட்களைச் சேர்த்துப் படித்தால் ராம்சேஸின் பட்டப்பெயர் வரும். கோயிலின் மூலவரே பெயர்ப் பலகை.

கடைசியாக வந்தவர்கள் ரோமானியர்கள். அவர்களுக்குப் புராணம் வேண்டாம், கல் வேண்டும். ஹெலியோபோலிஸில் ராவுக்காக நட்டிருந்த ஒபெலிஸ்க் என்னும் ஒற்றைக்கல் ஊசித்தூண்களைப் பெயர்த்துக் கப்பலில் ஏற்றினார்கள். மூன்றாம் துத்மோஸ் வைத்த இரண்டு முதலில் அலெக்சாண்டிரியாவுக்குப் போய், பிற்காலத்தில் ஒன்று 1878-இல் லண்டனிலும் மற்றது 1881-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலும் போய் நின்றன. இரண்டுக்கும் கிளியோபாட்ராவின் ஊசி என்று பெயர். துத்மோஸுக்கு ஆயிரத்து நானூறு வருஷம் பிந்திய கிளியோபாட்ரா! ராவின் பெயர் அங்கேயும் அடிபடவில்லை. மத்தாரியாவில் முதலாம் செனுஸ்ரெத் வைத்த ஒன்று மட்டும் இன்னும் நின்ற இடத்தில் நிற்கிறது.

இரண்டாம் சாம்தெக் நட்ட தூணைத்தான் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 10-இல் ரோமுக்குக் கொண்டுபோனார். திறந்த மைதானத்தில் நிறுத்தி, தரையில் வெண்கலக் கோடுகள் பதித்து, தூணின் நிழல் விழும் இடத்தை வைத்துச் சூரியனின் போக்கைக் கணக்கிட்டார்கள். சில தலைமுறைகள் கழித்து அதைப் பற்றி எழுதிய ரோமானிய எழுத்தாளர் பிளினி, சுமார் முப்பது வருஷமாக அளவு சரியாகக் காட்டுவதில்லை என்று குறைப்படுகிறார். காரணம் என்னவாக இருக்கலாம் என்று யோசிக்கிறார். நிலநடுக்கத்தில் தூண் அசைந்திருக்கலாம், டைபர் வெள்ளத்தில் அடித்தளம் இறங்கியிருக்கலாம், பூமியே நகர்ந்திருக்கலாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், முதல் சந்தேகமாக அவர் எழுதியது: சூரியன்தான் பாதை மாறிப் போகிறதோ என்னவோ.